நூறு ஃபில்ஸ்

சுற்றறிக்கையில் அந்தச் சொல் இல்லை.
'குளிர்கால விழா' என்றுதான் போட்டிருந்தார்கள்.
அதனால் எனக்கும் பெயர் மாறியது:
குளிர்கால மாமா.
தாடி மட்டும் போன வருஷத்துத் தாடியே,
அந்துருண்டை வாசத்தோடு.

அப்பாசியாவில் மூன்று மாடிப் பள்ளி.
அதில் ஒரு ஸ்டோர், ஸ்டோருக்கு ஒரு ஜன்னல்,
ஜன்னலுக்குப் பின்னால் பதினோரு வருஷமாக நான்.
ரப்பர், ஷார்ப்பனர், நாலு கோடு நோட்டு,
தொலைத்த பேட்ஜுக்குப் புது பேட்ஜ்.
ஆள் உயரம் என்பதால்
சிவப்பு அங்கி என் தலையில் விழுந்தது.
காயல்பட்டினத்திலிருந்து மனைவி
வீடியோவில் பார்த்துச் சிரித்தாள்:
"தாடி பொருந்தத்தான் செய்யுது,
சொந்தமாவே வச்சாத்தான் என்ன?"

இரண்டு நாளாய்ப் பஞ்சு கேட்டு வரிசை.
2-சி பனிமனிதனுக்கே மூன்று கட்டு.
தெருமுனை மருந்துக்கடையில் தீர்ந்துபோய்
ஃபர்வானியா வரை ஆள் போனது.
பனியை இங்கே யாரும் பார்த்ததில்லை;
பார்த்தவர்கள் ஃபிரிட்ஜில் பார்த்தவர்கள்.
ஆனாலும் குளிர் நிஜம்.
காலையில் ஆறு டிகிரி,
பிள்ளைகள் பேசினால் வாயிலிருந்து புகை,
புகை விடுவதற்காகவே பேசினார்கள்.

மேடையில் நட்சத்திரமாக நின்றவள் தூங்கிவிட்டாள்.
மூன்று பேர் ஈச்சமரம்.
ஒரு ஈச்சமரம் தன் அம்மாவைக் கண்டுபிடித்து
கிளைகளோடு இறங்கிப் போனது.
யாரும் தடுக்கவில்லை.

பிறகு என் முறை.
சாக்குக்குள் ஆரஞ்சு, பென்சில், டாஃபி
வைத்துக் கட்டிய பொட்டலங்கள்.
முதல் வரிசையிலேயே ஒருத்தி குனிந்து பார்த்து அறிவித்தாள்:
"இது ஸ்டோர் அங்கிளோட செருப்பு!"
வார் அறுந்து ஒட்டிய பழுப்புச் செருப்பு.
ஷூ மாற்றச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.
இருந்தும் பொட்டலத்தை வாங்கிக்கொண்டாள்,
"தாங்க்யூ சாண்டா" என்றும் சொன்னாள்.

3-பி வந்தது.
அதில் ஆல்ட்ரின்.

ஞாயிற்றுக்கிழமை அவன் அப்பா
பாடப்புத்தகங்களை ஜன்னலில் அடுக்கிவைத்தார்.
பாதி வருஷத்தில் புத்தகம் திரும்பி வந்தால்
நான் எதுவும் கேட்பதில்லை.
எண்ணி, ரசீது கிழிப்பேன்.
கணக்கு, ஆங்கிலம், அறிவியல்.
அறிவியலில் ஒன்பதாம் பாடத்தில் மடிப்பு இருந்தது.
பெயர்ச்சீட்டை உரித்திருந்தார்கள்,
'ஆல்' மட்டும் உரியாமல் ஒட்டிக்கொண்டிருந்தது.

பொட்டலத்தை வாங்கியவன் நகரவில்லை.
தாடியைப் பிடித்து இழுப்பான் என்று நினைத்தேன்,
போன வருஷம் இழுத்தவன்தான்.
காதருகே வந்தான்.
"அங்கிள், அக்டோபர்ல ஒரு ஸ்கேல் வாங்கினேன்ல.
காசு அப்புறம் தரேன்னு சொன்னேன்ல."

நாணயம் சூடாக இருந்தது.
ஒரு பக்கம் பாய்மரக் கப்பல்.
எந்த நோட்டிலும் நான் எழுதாத கடன்.
இருப்பில் ஒரு ஸ்கேல் குறைந்ததை
அப்போதே என் காசு போட்டு நேர்செய்து
மறந்தும்விட்டேன்.

அங்கியில் பாக்கெட் இல்லை.
கொடுக்கிறவனுக்கு எதற்கு என்று
தைத்தவன் விட்டிருப்பான்.
இடது கைக்குள் மூடிக்கொண்டேன்.
"சரி, போ" என்றேன்.

போகவில்லை.
"ரசீது குடுங்க அங்கிள்.
எல்லாத்துக்கும் ரசீது வாங்கணும்னு
அப்பா சொன்னாங்க.
கரண்டு, வாடகை, ஃபோன், எல்லாத்துக்கும்."

பின்னால் நாற்பது பேர் நிற்கிறார்கள்.
பாட்டு மிஸ்ஸிடம் பேனா வாங்கினேன்.
எழுத ஒன்றும் இல்லாமல்
என் டாஃபியைப் பிரித்து அவன் வாயில் போட்டுவிட்டு
காகிதத்தைத் தொடையில் வைத்துத் தேய்த்தேன்.
ஸ்கேல் ஒன்று. நூறு ஃபில்ஸ். பெற்றுக்கொண்டேன்.
கையெழுத்துக்கு வந்ததும்
தாடி மறைத்தது, ஒதுக்கிக்கொண்டு
முழுப்பெயரும் எழுதினேன்:
மொகுதூம் நெய்னா.

எழுத்துக்கூட்டிப் படித்தான்.
கன்னத்தில் டாஃபி ஒரு பக்கம் புடைத்திருந்தது.
திருப்பிக் கொடுத்தான்.

"தேதி போடல அங்கிள்."

போட்டேன்.
டிசம்பர் பதினெட்டு, வியாழன்.